ஆறு விழுந்தால் அவிழ்க்கலாம்

நீங்கள் எப்போதாவது ஒரு விதியை எழுதி, அதை நாலு பேர் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? குடியிருப்பு வாட்ஸப் குழுவில் 'மோட்டார் போடும் நேரம்' என்று அறிவிப்புப் போட்டவர்கள், மாமியாருக்கு வாஷிங் மிஷின் ஓட்டும் விதத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியவர்கள், எல்லாரும் என் இனம். உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்போது கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். அடுத்தவர் படித்துவிட்டு எழுந்து செய்யும்போதுதான் நாம் எழுதியது வேறு என்னவோ என்று தெரியும்.

பகடை விளையாட்டுகளுக்குத் தமிழில் விதி எழுதுவது என் தொழில். எழுதிய பிறகு, தெரிந்தவர்களில் நாலு பேரை உட்கார வைத்து ஆடச் சொல்லி, எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று நோட்டில் குறிக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது நான் பேசக் கூடாது. யாராவது சந்தேகம் கேட்டால் புத்தகத்தை விரலால் காட்டலாம், அவ்வளவுதான். நான் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் இன்னும் நம்பவில்லை.

யார் முறை?

சிதம்பரத்தில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஆய்வேடு டைப் செய்துகொண்டிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று டைப்பிங் சென்டர் அக்கா சொன்னதால் பஸ் ஏறிப் போனேன். நான்சி மேடமும் ஒரு மேஜையும் சேர்ந்ததுதான் அந்த நிறுவனம். வெளிநாட்டு விளையாட்டுகளைத் தமிழில் கொண்டுவருகிறார். கையில் இருந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஒரு கோட்டை. அதில் காவலர்கள், திருடர்கள். கத்தி, துப்பாக்கி எதுவும் கிடையாது. கயிறு, சங்கிலி, விலங்கு, வாய்க்கட்டு, இவைதான் ஆயுதம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள், அதில் ஓர் ஆள் படம். ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு பகடை உருட்ட வேண்டும். எனக்கு உங்களைவிட அதிகம் விழுந்தால் உங்கள் படத்தில் கை மேலோ கால் மேலோ ஒரு கயிறு அட்டையை வைப்பேன். உங்கள் முறையில் ஏதாவது ஒன்றில் ஆறு விழுந்தால் அவிழ்த்துக்கொள்ளலாம். முழுதாகக் கட்டுப்பட்டவர் தோற்றார். பெரியவர்களுக்கான விளையாட்டு, கட்டுவதிலும் கட்டுப்படுவதிலும் ஆசை உள்ளவர்கள் இதற்கென்றே தேடி வாங்குகிறார்களாம். நான் ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் மாடு இருந்தது. கயிறு எனக்குப் புதிதில்லை. யாருக்கு எதில் ஆசை என்பது அவரவர் பாடு.

மூன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். நிறுத்தல் விதி. யாருக்கு எப்போது போதும் என்று தோன்றினாலும் தன் தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைக்கலாம். வைத்த நொடியே எல்லாரும் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. இப்படிப்பட்ட விளையாட்டுக்கு அந்தப் பக்கம்தான் உயிர், மற்றதெல்லாம் அப்புறம்தான் என்றார். மேடம் நேரில் உட்கார்ந்து பார்க்கும் கடைசிச் சோதனையில் அந்த விதி பிசகாமல் நடந்தால் புத்தகம் அச்சுக்குப் போகும், எனக்கும் வேலை நிரந்தரம். பிசகினால், விளையாட்டைச் செய்தவர்கள் தமிழ்ப் பதிப்பே வேண்டாம் என்றுவிடுவார்கள். இந்த வேலையில் இருந்தால் மகளின் ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால் நான் வீட்டில் இருக்கலாம். போனால், கடலூரில் என் நாத்தனாரின் ஜவுளிக் கடையில் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். அவர் ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சந்தேகம் இருந்தால் கேள் என்றார் மேடம். கால் இரண்டும் கட்டுப்பட்டவர் இரண்டு முறை சும்மா உட்கார வேண்டும் என்று போட்டிருக்கிறதே, சும்மா இருக்கிற நேரத்தில் அவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டால் அவர் முறை வரும்போது என்ன செய்வது என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு முன்னாடி வந்த அஞ்சு பேரும் இது என்னா மாதிரி விளையாட்டுன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க, நீ ஒருத்திதான் அடுத்த முறை யாருதுன்னு கேட்ட."

பஜ்ஜி

மகளை எல்.கே.ஜி.க்கு அனுப்பிவிட்டு, எங்கள் சிதம்பரம் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுச் சோதனை. வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: இது கட்டிப்போடுகிற விளையாட்டு, பெரியவர்களுக்கு, பிடிக்காவிட்டால் டீ குடித்துவிட்டுப் போகலாம். யாரும் போனதில்லை. டீக்கு முன்னால் பஜ்ஜி வரும் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

பின் தெரு சரோஜா அம்மாவும் அவர் மருமகள் திவ்யாவும் முதல் வாரம் வந்தார்கள். திவ்யாவுக்குப் பதினொன்று விழுந்தது, மாமியாருக்கு மூன்று. கட்ட வேண்டியதுதானே. அவளோ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பரவாயில்லை அத்தை, நீங்களே கட்டுங்கள் என்கிறாள். மறுபடி உருட்டினார்கள், மறுபடியும் இவளுக்குத்தான் அதிகம். மறுபடியும் பரவாயில்லை அத்தை. மருமகள் ஜெயித்தால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை. கடைசியில் சரோஜா அம்மாவே அலுத்துப்போய், கட்டித் தொலை என்று தன் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு கைக்கும் கயிறு விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பஜ்ஜித் தட்டு வந்தது. எல்லாரும் எடுத்தார்கள். சரோஜா அம்மா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"ரெண்டு கையையும் கட்டிட்ட இல்ல, இப்ப ஊட்டி வுடு."

திவ்யா ஊட்டினாள். 'கட்டு படத்தில் உள்ளவருக்கு மட்டுமே, ஆடுபவருக்கு அல்ல' என்று அன்று மாலையே ஒரு வரி சேர்த்தேன்.

வரிசையில் வைத்த பை

நேர்முகத்தில் நான் பயந்தது போலவே நடந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் கலாவதி அக்காவுக்குக் கால் இரண்டும் கட்டுப்பட்டு இரண்டு முறை சும்மா இருக்க வேண்டி வந்தது. உடனே எழுந்தார். தன் கூடைப்பையைத் தாள் பக்கத்தில் வைத்தார். தன்னைக் கட்டிய அதே எதிராளி அம்மாளிடம், என் முறை வந்தால் கொஞ்சம் உருட்டிவிடு, இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கப் போய்விட்டார். ரேஷன் கடையில் நாம் எல்லாரும் செய்வதுதான். அங்கே பை நின்றால் ஆள் நிற்கிற மாதிரி.

அந்த இரண்டு முறையும் கழிந்தது, அந்த அம்மாளும் தன் முறையை ஆடினார். பிறகு பையின் பக்கம் திரும்பி, பைக்காக உருட்டினார். ஆறு விழுந்தது. கயிறு அட்டையை எடுத்தார். அடுத்தும் பைக்குத்தான் அதிகம் விழுந்தது. தன் கையைத் தானே கட்டிக்கொண்டார். கலாவதி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பை கிட்டத்தட்ட ஜெயித்திருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு, ஆறு விழுந்ததை மறைத்திருக்கலாமே, யார் கேட்டிருப்பார்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். முகம் சுருங்கிப்போச்சு அவருக்கு.

"நம்பி வெச்சுட்டுப் போயிருக்காங்கம்மா, அதுல போயி ஏமாத்துவாங்களா?"

சண்டை விளையாட்டு என்று பெட்டி மேல் போட்டிருந்ததை எப்படியாவது எடுத்துவிட முடியுமா என்று மேடத்திடம் கேட்டேன். முடியாது என்றார்.

தேவனாம்பட்டினத்து முடிச்சு

ஆம்பளைங்களையும் ஆடவிட்டுப் பார் என்றார் மேடம். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஆறுமுகம் அண்ணன் தேவனாம்பட்டினத்தில் சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். மீன்பிடிக்குப் போகாத நாளில் அவரும் அவர் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தார்கள். பகடையைத் தொடவே இல்லை. முதல் அட்டையில் 'சாதா முடிச்சு' என்று இருந்தது. அது என்ன முடிச்சு என்று ஒருவர் கேட்டார். நான் புத்தகத்தைக் காட்டினேன். புத்தகத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லை. கயிறு நைலானா, பருத்தியா, நனைந்ததா, காய்ந்ததா, கட்டினவன் நின்றுகொண்டு கட்டினானா, ஆடுகிற படகில் கட்டினானா என்று அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. நான் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு முறைகூட நடக்கவில்லை.

ஆறு விழுந்தால் எந்த முடிச்சும் அவிழும் என்ற வரிக்கு வந்ததும் ஆறுமுகம் அண்ணன் புத்தகத்தை மூடினார். உண்மைக் கயிறு ஆட்டத்துக்கே வரக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. அவர் மடியிலிருந்து ஒரு துண்டு நைலான் வந்துவிட்டது. என் கைப்பையின் வாரை ஜன்னல் கம்பியில் வைத்து, பேசிக்கொண்டே ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பிறகு பகடையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் நேரம், உருட்டினேன், ஆறே விழுந்தது.

"ஆறு வுழுந்துடுச்சு இல்ல, இழும்மா பாப்போம்."

பஸ் பாஸ், சாவி எல்லாம் பைக்குள். ஐந்து நிமிடம் இழுத்தேன். பிறகு அவரே இரண்டு விரலால் அவிழ்த்துக் கொடுத்தார். கட்டுகிறவரின் கைத்திறமைக்கு ஓர் எண், அவிழ்க்க உருட்டும்போது அந்த எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று விதியை மாற்றினேன். மேடம் பாராட்டினார். ஆறுமுகம் அண்ணனுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

வாய்க்கட்டு

வாய்க்கட்டு அட்டை விழுந்தவர் ஒரு சுற்று முழுக்கப் பேசக் கூடாது. கலாவதி அக்கா தலையில் அது விழும் என்று எல்லாரும் ஆசையாகக் காத்திருந்தோம், விழுந்தது. நியாயமான மனுஷி, உதட்டை மூடிக்கொண்டார். புருவம், கழுத்து, முழங்கை எல்லாம் பேசின. பக்கத்து ஆள் தப்பாக எண்ணியதைத் தொடையில் தட்டியே கண்டுபிடித்துக் காட்டினார். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்காரர் சாவி வாங்க மேலே வந்தார். அக்கா பேசாமல் சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. உடம்புக்கு என்ன, ஊரிலிருந்து ஏதாவது போன் வந்ததா, தன் மேல் கோபமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அட்டையைக் காட்டி நான்தான் விளக்கினேன். அன்று விதியை மீறிப் பேசியது அந்த ஒரு தரம்தான். இப்படி ஓர் அட்டை கிடைத்தால் எந்த வீட்டுக்காரரும் விலைக்குக் கேட்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

"அதை மொதல்ல எடுத்துடும்மா, அவ பேசாம பாத்தா எனக்குப் படபடன்னு வருது."

உள்ளங்கை

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். நிறுத்தல் விதியை நான் கவனமாக எழுதியிருந்தேன்: 'ஒருவர் தன் தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தால் ஆட்டம் அந்த நொடியே நிற்க வேண்டும்.' இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அன்றைக்குக் கலாவதி அக்கா, திவ்யா, இன்னும் ஒருவர், கூடவே வேலு மாமா. வேலு மாமா என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவு. சமையல் கான்ட்ராக்டரிடம் பந்தி பரிமாறுகிறவர். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் அவர் கையால் சாம்பார் வாங்காதவர்கள் குறைவு.

திவ்யாவுக்கு இரண்டு கையும் ஒரு காலும் கட்டுப்பட்டிருந்தது. அவள் படித்தபடியே, தாள் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். நான் பேனாவைத் திறந்தேன். வேலு மாமா கையிலிருந்த கயிறு அட்டையோடு குனிந்தார். அட, சும்மா வைக்கிறாள் என்றார். கொஞ்சமாகத்தான், இந்த ஒரு கால் மட்டும் என்றார். அவள் இன்னொரு கையையும் வைத்து மூடினாள். கலாவதி அக்கா, வெட்கப்படுகிறாள், நீங்க வையுங்க மாமா என்று எடுத்துக்கொடுத்தார். மாமா அட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து, அவள் விரல் இடுக்கு வழியாக நழுவவிட்டார். சாம்பாரை ஊற்றுகிற அதே லாகவம். அட்டை சரியாகக் கால் மேல் போய் உட்கார்ந்தது. திவ்யா முகத்தைப் பார்த்தேன். விருந்தில் மூன்றாவது தடவை சாதம் விழுந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு, கண் மட்டும் சிரிக்காமல் இருந்தாள். இந்தப் பெண் நிஜமாகவே போதும் என்று நினைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நோட்டில் குறித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் மூன்றாம் பக்கத்தை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வேலு மாமா பொறுமையாகக் கேட்டார். விதி புரியாமல் இல்லை அவருக்கு, அது முறையாக இல்லை என்பதுதான் அவர் எண்ணம்.

"கைய வெச்சா நிறுத்திடணும்னா, இத்தினி வருஷத்துல நான் ஒருத்தருக்காவது வயிறு ரொம்பப் போட்டிருக்க முடியுமாம்மா?"

வேண்டாம் என்பதன் பல வகை

நான்சி மேடம் வெளியூரில் படித்து வளர்ந்தவர். அதெப்படி, தெளிவாக எழுதியிருக்கிறதே என்று போனில் கேட்டார். நம் பக்கத்தில் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் வெட்கத்துக்கு, மூன்றாவதுக்குள் தட்டு நிறைந்துவிடும் என்று விளக்கினேன். கடைசிச் சோதனைக்குப் பத்து நாள்தான் இருந்தது. கைக்குப் பதிலாக 'வேண்டாம்' என்று வாயால் சொல்ல வேண்டும் என மாற்றிப் பார்த்தேன். மூன்று தடவை சொல்லவிட்டு நாலாவதாகக் கட்டினார்கள். எழுந்து நின்றால் ஆட்டம் நிற்கும் என்று எழுதினேன். அன்று எழுந்து நின்ற பெண்மணியை, இன்னும் டீயே வரவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் கட்டினார்கள். நிறுத்தாதவர் தோற்றவர் என்று தண்டனை சேர்த்தேன். பரவாயில்லை, தோற்றுக்கொள்கிறேன், நீ சங்கடப்படாமல் ஆடு என்று அதையும் பெருந்தன்மையாக மீறினார்கள். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் பிரச்சினை.

எல்லாவற்றையும் மேடத்துக்கு எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "செல்வி, உங்க ஊர்ல ஒருத்தர் நிறுத்துன்னா நிக்கிற விஷயம்னு ஏதாவது ஒண்ணு இருக்குதா, இருந்தா அதை எழுது."

மடிப்பு

அந்தக் குரல் பதிவை ஒரு கல்யாண வீட்டில் வைத்துத்தான் கேட்டேன். வேலு மாமா பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு எதிர் வரிசையில் ஒருவர் இலை மேல் கையை வைத்தார். மாமா விரல் நடுவே பாயசம் ஊற்றினார். பக்கத்தில் இருந்தவர் இலையை மடித்தார். மாமா அவரைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. மடித்த இலையை யாரும் பிரித்துப் பரிமாறினதாக நான் பார்த்ததில்லை. நான் அவசரமாக என் இலையை மடித்துவிட்டு வெளியே வந்து போனில் விதியைத் தட்டினேன். ஆட்டக்காரர் முன்னால் இருப்பதும் ஒரு தாள்தானே. 'போதும் என்று நினைப்பவர் தன் தாளை மடிக்கலாம்.'

அடுத்த நாளே சோதித்தேன். திவ்யா மடித்தாள். எல்லார் கையும் நின்றது. எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த நொடி வேலு மாமாவும் கலாவதி அக்காவும் சண்டைக்குப் போய்விட்டார்கள். திவ்யா தாளைத் தன் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டாளாம். அப்படி மடிப்பது சாவு வீட்டில். நல்ல காரியத்தில் தன்னைப் பார்த்துத்தான் மடிக்க வேண்டும். கட்டிப்போடுகிற விளையாட்டு நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று அரை மணி நேரம் வாதம். வாய்க்கட்டு இருப்பதால் கெட்டது என்றார் அக்கா. எல்லாரும் கூடி உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுவதால் நல்லது என்றார் மாமா. அவரே தீர்ப்பும் சொன்னார்.

"ஆடுறவங்க ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டு உட்கார்றாங்க இல்ல, அப்ப நல்ல காரியந்தான், உள் பக்கமா மடின்னு எழுதும்மா."

நாலாவது ஆள்

கடைசிச் சோதனை. மேடம் கடலூரிலிருந்து வந்து கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு நோட்டு. கலாவதி அக்கா, திவ்யா, வேலு மாமா வந்தாச்சு. நாலாவதாக வர வேண்டியவருக்குக் காய்ச்சல். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ. என் நாத்தனார், மல்லிகா அண்ணி. கையில் ஒரு மஞ்சள் கவர். அவருடைய மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். படிப்பு முடியட்டும் என்று அண்ணி சொல்லச் சொல்ல, அவர் புகுந்த வீட்டில் மூன்றாவது தடவையாக ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தை அந்தக் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். தம்பியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், அவர்களிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறார். அவர் வேலைக்குப் போயிருந்தார். ஆள் வேண்டுமா என்று அண்ணியே கேட்டு, கவரை டிவி மேல் வைத்துவிட்டுத் தாள் முன்னால் உட்கார்ந்தார். கடையில் வேண்டாம் என்று எழுந்தவர்களையே மூன்று புடவை வாங்க வைத்து அனுப்புகிறவர் அவர். என்னையே ஆறு மாதமாக விடாதவர். தடுக்கலாம் என்றால் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். பேசவும் கூடாது.

அண்ணி புத்தகத்தை ஒரு தடவை புரட்டினார், அவ்வளவுதான். பகடை அவர் பேச்சைக் கேட்டது. வேலு மாமாவுக்கு இரண்டு கால். அக்காவுக்கு ஒரு கை. பிறகு திவ்யா பக்கம் திரும்பினார். இரண்டு கை, இரண்டு கால் என்று முறைக்கு ஒன்றாக விழுந்தன. அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாய்க்கட்டு அட்டையை எடுத்து நீட்டினார். திவ்யா தாளின் விளிம்பைப் பிடித்தாள். தன் பக்கமாக மடித்தாள். உள்ளே கயிறு அட்டைகள் சலசலவென்று சரிந்தன. அண்ணியின் கை அப்படியே நின்றது. மேடத்தின் பேனாவும் நின்றது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கும், எனக்கு ஜவுளிக் கடையின் ஷட்டர் வரைக்கும் தெரிந்தது. அண்ணி அட்டையைக் கீழே வைத்தார். தன் தாளையும் எடுத்து உள் பக்கமாக மடித்தார். மாமாவும் அக்காவும் மடித்தார்கள். ஏன் என்று ஒருவரும் திவ்யாவைக் கேட்கவில்லை. ஆட்டத்தை விட்டு எழுந்துகொண்டே அண்ணி சொன்னார்: "ஒருத்தவங்க மடிச்சப்பறம் நாம இன்னா உட்கார்ந்துகிட்டு, எழுந்திருங்க."

மேடம் அன்று பஜ்ஜிகூடச் சாப்பிடவில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். அவர் தெரு முனை தாண்டுவதற்குள் அவரிடமிருந்து ஒரு வரி செய்தி என் போனில் வந்தது: புத்தகம் அச்சுக்குப் போகிறது, திங்கட்கிழமை அடுத்த விளையாட்டு. கடைக்கு எப்போது வருகிறாய் என்று அண்ணி அன்றைக்குக் கேட்கவே இல்லை. மிச்சமிருந்த பஜ்ஜியைச் சாப்பிட்டார், காபி குடித்தார், டிவி மேலிருந்த மஞ்சள் கவரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆக, சண்டைக்கு விதி எழுதப் போய் நான் எழுதிய உருப்படியான ஒரே வரி சண்டையை நிறுத்துகிற வரிதான், அதற்குக் கிடைத்த ஒரே பாராட்டும் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் கேட்டதுதான்: "அந்தத் தாளுல ஒண்ணு எனக்குக் குடேன் செல்வி, ஞாயித்துக்கிழமை எங்க மாமியார் வூட்டுக்கு எடுத்துகிட்டுப் போறேன்."